பொம்மைக்கு ஒரு வண்ணம், விரல்களுக்கு ஒரு வேலை

எங்கள் தீக்காய மறுவாழ்வுப் பிரிவின் சன்னல் ஓரத்தில் ஒரு சாண் உயரமுள்ள வெள்ளைப் பொம்மைகள் சில வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குக் கண் இல்லை, வாய் இல்லை, உடையும் இல்லை. பெரிய தலை, குட்டையான கால்கள், வழவழப்பான வினைல் உடல் ஆகியவையே உள்ளன. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்கள், குழந்தைகள் விளையாடுவதற்காக இவற்றை வைத்திருக்கிறோம் என்று எண்ணுகிறார்கள். ஆனால், இவற்றைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களே.

பட்டாசுத் தொழிலில் இரு கைகளும் வெந்து எங்களிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றி, அவருடைய ஒப்புதலுடன் பெயரைத் தவிர்த்து இங்கே எழுதுகிறோம். அவருக்குப் புண்கள் ஆறிவிட்டன. புதுத் தோலும் மூடிவிட்டது. ஆயினும் இடக்கை விரல்களை அவர் அசைப்பதே இல்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டே அமர்ந்திருப்பார். பத்து முறை விரல்களை மடக்கி நீட்டச் சொன்னால் நான்காவது முறையில் நிறுத்திவிடுவார். ஒரு நாள் எங்கள் கைப்பயிற்சியாளர் அவருடைய மடியில் ஒரு வெள்ளைப் பொம்மையை வைத்து, "இதை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஏதாவது வரையுங்கள்" என்றார். இடையிடையே ஓய்வெடுத்துக்கொண்டு, அன்று அவர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பொம்மையைப் பிடித்திருந்தார். தாம் பயிற்சி செய்கிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டார்.

பொம்மை மருந்தன்று. அறுவை சிகிச்சைக்கும், கைப்பட்டைக்கும், அழுத்த உறைக்கும் அது மாற்றும் அன்று. ஆனால், நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவரின் கைகளுக்கும் கண்களுக்கும் மனத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை தரும் எளிய பொருள்களுள் அதுவும் ஒன்று என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்தது, இதை யார், எப்போது, எப்படிச் செய்யலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் இந்த இதழில் விளக்குகிறோம்.

வெள்ளைப் பொம்மை வந்த வழி

சேகரிப்பதற்காகவே செய்யப்படும் வினைல் பொம்மைகள் 1990-களின் இறுதியில் ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் தோன்றின. ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவ், கடையில் கிடைத்த 12 அங்குல வீரர் பொம்மைகளை எடுத்து, முகத்தையும் உடையையும் மாற்றி, தம் நகரத்துத் தெரு இளைஞர்களாக அவற்றை உருமாற்றினார். 'கார்டனர்' என்ற பெயரில் 1999-இல் அவர் காட்சிக்கு வைத்த அந்த உருவங்களே இந்தக் கலையின் தொடக்கமாகப் பலராலும் குறிக்கப்படுகின்றன. பிறர் செய்த பொம்மையைத் தன் கையால் தனதாக்கிக்கொள்வதிலிருந்துதான் இந்தக் கலை பிறந்தது.

ஜப்பானின் மெடிகாம் டாய் நிறுவனம் 2001-இல் 'பேர்பிரிக்' என்ற கரடி உருவத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் 2002-இல் தொடங்கப்பட்ட கிட்ரோபாட் நிறுவனம், சில ஆண்டுகளில் 'மன்னி' என்ற முழு வெள்ளைப் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் எந்த ஓவியமும் இருக்காது. வாங்குபவரே அதற்கு முகம் தர வேண்டும். அண்மையில் நம் ஊர்ப் பிள்ளைகளின் பைகளிலும் தொங்கத் தொடங்கியுள்ள 'லபூபு'வும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்ற ஓவியர் 2015-இல் தம் படக்கதைகளுக்காக வரைந்த பாத்திரம் அது.

இந்தப் பொம்மைகள் செய்யப்படும் முறையைத் தெரிந்துகொண்டால், பின்னர் நாங்கள் கூறும் எச்சரிக்கைகள் எளிதில் விளங்கும். கூழ் போன்ற பி.வி.சி. திரவத்தை உலோக அச்சில் ஊற்றிச் சூடாக்குவார்கள். அச்சின் சுவரைத் தொடும் பகுதி மட்டும் தோசைக்கல்லில் மாவு பிடிப்பதுபோல் இறுகும். எஞ்சிய திரவத்தை வடித்துவிட்டு, சூடு ஆறுமுன் பொம்மையை இழுத்து எடுப்பார்கள். எனவே பொம்மையின் உள்ளே வெற்றிடம் இருக்கும், எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது. வினைலை வளையச் செய்வதற்காக அதில் மென்மையூட்டிகள் கலந்திருக்கும். சூடுபட்டால் மீண்டும் இளகும் இயல்பும் அதற்கு உண்டு.

நம் வீட்டு மரப்பாச்சி

வெற்று உருவத்தை வாங்கி, வீட்டார் கையால் அதற்கு வடிவம் தருவது நமக்குப் புதிதன்று. கொலுப் படியில் நிற்கும் மரப்பாச்சி இணையை நினைத்துப் பாருங்கள். செஞ்சந்தன மரத்தில் கடைந்த ஓர் ஆண், ஒரு பெண். கடையிலிருந்து வரும்போது அவை வெறும் மரம். வீட்டில்தான் பட்டுத்துணி வெட்டிப் பாவாடையும் வேட்டியும் உடுத்துகிறோம். மணி கோத்து மாலை போடுகிறோம். ஒரு வீட்டு மரப்பாச்சி மற்றொரு வீட்டு மரப்பாச்சியைப்போல் இருப்பதில்லை. தாய்வீட்டிலிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து பேத்திக்கும் செல்லும் அந்த இணைக்கு ஒவ்வொரு நவராத்திரியிலும் புதிய உடை கிடைக்கிறது.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் மண்ணாலும் காகிதக்கூழாலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கொலுவுக்குரிய பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடிலுக்குரிய பொம்மைகளும் அங்கிருந்து செல்கின்றன. பிசைந்த களிமண்ணை இருபாதி அச்சுகளில் அழுத்தி, இரண்டையும் ஒட்டி, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். பின்னர் முழுவதும் வெள்ளை அடித்து, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். கண்ணை எழுதுவது கடைசியில்தான். வெள்ளை அடித்து நிற்கும் அந்த நிலையில், விளாச்சேரிப் பொம்மைக்கும் எங்கள் சன்னல் ஓரத்து வினைல் பொம்மைக்கும் வேறுபாடு அதிகமில்லை.

நம் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளியை அறியாதவர் யார்? பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவால் அலகு, மூங்கில் குச்சியால் கால் என அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. ஒரு கிளியைச் செய்து முடிக்கச் சுமார் நான்கரை மணி நேரம் ஆகும். நாளை வாடிவிடும் என்று தெரிந்தும் இன்று முழுக் கவனத்துடன் அதைச் செய்கிறார்கள். எங்கள் நோயாளிகளுக்கு நாங்கள் கூற விரும்புவதும் இதுவே: உருவம் நன்றாக வரவேண்டும் என்ற கவலை வேண்டா, செய்துகொண்டிருக்கும் நேரமே பயன் தருகிறது.

கைக்கு ஏன் இந்த வேலை?

தீக்காயம் ஆறும்போது உருவாகும் வடு சுருங்கும் இயல்புடையது. வலி குறைவாக இருக்கிறதென்று கையை நமக்கு வசதியான நிலையில் மடக்கி வைத்திருந்தால், அந்த நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். அதனால்தான் கையை நேர்நிலையில் வைக்கும் பட்டையை இரவில் அணியச் சொல்கிறோம். பகலில் பலமுறை விரல்களை மடக்கி நீட்டச் சொல்கிறோம். வடு முழுமையாக முதிர ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகலாம். அழுத்த உறையை, குளிக்கும் நேரம் தவிர, நாளில் 23 மணி நேரம் வரை அணிய வேண்டியிருக்கலாம். இவ்வளவு நீண்ட காலம் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வது யாருக்கும் சலிப்பூட்டும். பயிற்சியைக் கைவிடுபவர்களை நாங்கள் குறை சொல்வதில்லை, சலிப்பு இயல்பானது. ஆனால், கைவிட்ட சில வாரங்களிலேயே விரல்கள் இறுகத் தொடங்குவதை நாங்கள் பார்க்கிறோம்.

பொம்மைக்கு வண்ணம் தீட்டும்போது ஒரு கை உருண்டையான பொருளைப் பற்றிக்கொள்கிறது; மணிக்கட்டு திரும்புகிறது. மறுகையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் சேர்ந்து தூரிகையைப் பிடிக்கின்றன. பேனா பிடிக்கவும் பொத்தான் போடவும் ஊசி கோக்கவும் தேவைப்படுவது இதே பிடிதான். தாள் ஒட்டியும் திரி சொருகியும் பழகிய விரல்களுக்கு இந்தப் பிடி மறந்துபோகக் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் கை பலம் குறைந்தவர்களுக்கும், எலும்பு முறிவுக்குப் பின் கட்டு பிரித்தவர்களுக்கும் இதே பயன் உண்டு.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். வெந்த கையைப் பார்க்க மறுப்பவர்கள் பலர். வண்ணம் தீட்டும்போது பொம்மையைப் பார்த்தே ஆக வேண்டும். பொம்மையைப் பார்த்தால் அதைப் பிடித்திருக்கும் கையையும் பார்த்தே ஆக வேண்டும். யாரும் வற்புறுத்தாமல் அந்தப் பார்வை தானாக நிகழ்கிறது.

செய்யும் முறை

முதலில் உங்கள் மருத்துவரிடமோ கைப்பயிற்சியாளரிடமோ அனுமதி பெறுங்கள். திறந்த புண், நீர் கசியும் தோல், புதிதாக ஒட்டிய தோல் ஆகியவை இருக்கும்வரை தொடங்கக் கூடாது.

பொம்மையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப்பசை அதன்மேல் இருக்கக்கூடும். அது போகாவிட்டால் வண்ணம் ஒட்டாது. நன்றாக உலர்ந்த பின் பென்சிலால் மெல்லிய கோடு வரையுங்கள்.

நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. எழுதுபொருள் கடைகளில் சிறு குப்பிகளாகக் கிடைக்கிறது. தடிமனாக ஒரே முறை பூசாமல், மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட் வேண்டா. வினைலில் உள்ள மென்மையூட்டி அதனுடன் கலப்பதால், மாதக்கணக்கில் ஆனாலும் அது பிசுபிசுவென்றே இருக்கும்.

தூரிகையின் காம்பு மெல்லியதாக இருந்தால் விரல்கள் விரைவில் களைத்துவிடும். பஞ்சுத் துணியையோ மெல்லிய ஸ்பாஞ்சையோ காம்பில் சுற்றி, கட்டைவிரல் பருமனுக்குத் தடித்ததாக்கிக்கொள்ளுங்கள். பொம்மையைப் பிடிக்க முடியாதவர்கள், ஒரு கிண்ணத்தில் ஈரத் துணியை மடித்து வைத்து அதன் நடுவே பொம்மையை நிறுத்தலாம். பத்து அல்லது பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை தூரிகையைக் கீழே வைத்து விரல்களை முழுவதும் விரித்து நீட்டுங்கள். வலி தணியாமல் நீடித்தாலோ, கை வீங்கினாலோ, தோலில் கொப்புளம் கண்டாலோ நிறுத்திவிட்டு எங்களிடம் கூறுங்கள்.

தவறாகப் பூசிவிட்டால் அஞ்ச வேண்டா. உலர்ந்த பின் அதன்மேல் வெள்ளை பூசினால் பொம்மை மீண்டும் புதிதாகிவிடும்.

வினைல் பொம்மைதான் வேண்டும் என்பதில்லை. விளக்கு அகல், கொட்டாங்கச்சி, வீட்டில் நிறம் மங்கிய பிளாஸ்டிக் பொம்மை ஆகிய எதுவும் போதும். சிகிச்சைச் செலவே சுமையாக இருக்கும் குடும்பங்களில் இதற்காகக் கடன் வாங்குவதை நாங்கள் விரும்பவில்லை. உள்ளே எந்த உருவம் இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் மூடிய பெட்டிகள் இப்போது பரவலாக விற்கப்படுகின்றன. விரும்பிய பொம்மை கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் வாங்கத் தூண்டும் விற்பனை முறை அது. படுக்கையில் இருப்பவர் கைப்பேசியிலேயே அவற்றை வாங்கிக் குவித்துவிட முடியும் என்பதைக் குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைகள்

எங்கள் பகுதிக்கே உரிய எச்சரிக்கையை முதலில் கூறுகிறோம். நம் ஊர்ப் பேச்சில் 'மருந்து' என்றால் இரண்டு பொருள். நாங்கள் தருவதும் மருந்து. பட்டாசில் செலுத்துவதும் மருந்து. வெள்ளி நிறம் பளபளப்பாக வரும் என்று எண்ணி, ஆலையில் புழங்கும் அலுமினியப் பொடியைப் பசையில் குழைத்துப் பொம்மைக்குப் பூசலாம் என்று யாரேனும் கூறினால் ஒருபோதும் கேளாதீர்கள். மிக நுண்ணிய அந்தப் பொடி எளிதில் தீப்பற்றும். மூச்சோடு உள்ளே சென்றால் நுரையீரலுக்குத் தீங்கு. காலி வெடிக் குழாய்களையும் மருந்து படிந்த காகிதங்களையும் கைவினைக்குப் பயன்படுத்தாதீர்கள். அவற்றைக் குழந்தைகளிடமும் கொடுக்காதீர்கள்.

தெளிப்பு வண்ணம், தின்னர், நகச்சாயம் நீக்கும் அசிட்டோன் ஆகியவை எளிதில் தீப்பற்றுபவை. பிராணவாயு செல்லும் குழாய்கள் உள்ள எங்கள் வார்டுகளில் இவற்றுக்கு அனுமதி இல்லை. வீட்டிலும் அடுப்பும் விளக்கும் உள்ள அறையில் இவை வேண்டா. அசிட்டோன் வினைலையும் கெடுத்துவிடும்.

பொம்மையின் தலையையும் கைகளையும் கழற்றுவதற்காகச் சேகரிப்பாளர்கள் அதைச் சுடுநீரில் இட்டு இளக்குவது வழக்கம். வெந்து ஆறிய தோலில் சூட்டை உணரும் தன்மை குறைந்திருக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகள் பெறுபவர்களுக்கும் விரல் மரத்திருக்கலாம். ஆகவே, இந்த வேலையை நோயாளி செய்யக் கூடாது. உடனிருப்பவர் செய்து, ஆறிய பின் கொடுக்கட்டும்.

கூடுதல் உறுப்புகளை ஒட்டுவதற்கு எம்-சீல் போன்ற எப்பாக்ஸி மக்கைப் பயன்படுத்துவோர் உண்டு. அது இறுகுமுன் வெறும் தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாகலாம். கையுறை அணிந்த உடனிருப்பவரே அதைப் பிசைய வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

பழைய கொலுப் பொம்மைகளைப் புதுப்பிக்க விரும்புவோர், அவற்றின் பழைய வண்ணத்தைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டா. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற பெண்களுக்கும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, பழைய பூச்சின் மேலேயே புதிய வண்ணம் தீட்டுங்கள்.

மரப்பாச்சியை உரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் முன்பு பல வீடுகளில் இருந்தது. செஞ்சந்தனம் இன்று பாதுகாக்கப்பட்ட மரம். வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றிய மரப்பாச்சிகளும் கடைகளில் உள்ளன. ஆகவே எந்த மரப்பாச்சியையும் உரைத்துக் கொடுக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துக் கடிக்கவும் விடாதீர்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் கழலும் சிறு பாகங்களைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தைக்கென்றே பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள். 2021 சனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு அது கட்டாயம்.

இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் புற்றுநோயாளிகள் ஈரக் களிமண்ணைத் தொட வேண்டா. கழுவி உலர்த்திய வினைல் பொம்மையும், பிறர் பயன்படுத்தாத தனித் தூரிகையும் அவர்களுக்குப் பாதுகாப்பானவை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஊசி குத்திய கையை அசைக்காமல், மறுகையால் மட்டும் வண்ணம் தீட்டலாம். நான்கு மணி நேரச் சிகிச்சையில் ஒரு மணி நேரமாவது அப்படிக் கழிவதை எங்கள் நோயாளிகள் விரும்புகிறார்கள்.

என்னைப்போல் ஒரு பொம்மை

கடையில் கிடைக்கும் பொம்மைகள் எல்லாம் மாசுமறுவற்ற தோலும் நிறைந்த கூந்தலும் கொண்டவை. நோயுற்ற குழந்தை தன்னைப்போல் ஒன்றை அவற்றுள் காண்பதில்லை. பிரிட்டனில் செவித்திறனும் பார்வையும் குறைந்த இதழாளர் ரெபெக்கா அட்கின்சன் 2015-இல் 'டாய் லைக் மீ' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கடைப் பொம்மைகளுக்குச் செவித்துணைக் கருவியும் ஊன்றுகோலும் பொருத்திப் படம்பிடித்து, பொம்மை நிறுவனங்களின் கவனத்தை அவர் ஈர்த்தார். 2016-இல் லெகோ நிறுவனம் சக்கர நாற்காலியில் அமர்ந்த இளைஞர் உருவத்தை வெளியிட்டது. பார்பி பொம்மைகளில் சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் உள்ளவை 2019-இலும், வெண்புள்ளி உள்ளதும் முடியில்லாததும் 2020-இலும் வந்தன. அமெரிக்காவின் மில்வாக்கியில், முன்பு குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்த எமி ஜான்ட்ரிசெவிட்ஸ், கைகால் குறைந்த குழந்தைகளுக்கு அவர்களைப் போன்ற துணிப்பொம்மைகளைத் தம் கையால் தைத்து அனுப்பி வருகிறார்.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். கீமோ மருந்தால் முடி உதிர்ந்த குழந்தைக்கு, தலையில் துணி கட்டிய பொம்மை ஒன்றைச் செய்து கொடுங்கள். ஊசிக்கு அஞ்சும் குழந்தை, தன் பொம்மைக்குத் தானே கட்டுப் போடட்டும். ஆனால், குழந்தை கேட்காமல் வடுவையோ குறையையோ பொம்மையில் வரையாதீர்கள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவு அவர்களுடையது.

தொடக்கத்தில் கூறிய இளைஞர் மூன்றாவது வாரத்தில் தம் பொம்மையை ஏறக்குறைய முடித்துவிட்டார். நீலச் சட்டை, கறுப்பு முடி, லேசான மீசை. உடலெங்கும் மாநிறம் பூசியிருந்தவர், இடக்கைக்கு மட்டும் இளஞ்சிவப்பும் பழுப்பும் வெள்ளையும் கலந்து திட்டுத்திட்டாகப் பூசியிருந்தார். மாலையில் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய தாயார் அதை எடுத்துப் பார்த்தார்.

"ஏய்யா, கைக்கு மட்டும் ஏன் வேற கலரு அடிச்சிருக்க?"

"என் கை இப்ப இப்பிடித்தானம்மா இருக்கு."

அந்தத் தாயார் வேறெதுவும் பேசவில்லை. பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, மகனுடைய கையின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்தார். எங்கள் செவிலியர்கள் சொன்னபடி தேங்காய் எண்ணெயை எடுத்து, அவருடைய வடுக்களில் மெல்லத் தடவத் தொடங்கினார். விபத்துக்குப் பின் அந்தக் கையை அவர் தொட்டது அன்றுதான் முதன்முறை என்று பிறகு எங்களிடம் கூறினார்.

உடனிருப்பவர்களுக்கு

கவனித்துக்கொள்பவர்கள் அன்பினால் செய்யும் தவறு ஒன்று உண்டு. நோயாளி தடுமாறினால் உடனே தூரிகையை வாங்கித் தாமே முடித்துக்கொடுத்துவிடுகிறார்கள். அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். மூடியைத் திறந்து கொடுங்கள், நீரை மாற்றுங்கள், பொம்மையைக் கழுவிக் கொடுங்கள். கோடு கோணலாகப் போனால் போகட்டும். "நன்றாக இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் பாராட்டவும் வேண்டா, "இது யார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நோயாளிகள் தரும் விடை பலவேளைகளில் எங்களுக்கும் புதிய செய்தியாக இருந்திருக்கிறது.

விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டா. பூத்தொடுப்பது, பயறு பிரிப்பது, தாயம் உருட்டுவது, கோலம் போடுவது என எதுவும் அதே விரல்களுக்கு வேலை தரும். எது அவருக்குப் பழக்கமோ, எதில் அவர் நேரம் போவதை மறப்பாரோ, அதைக் கைப்பயிற்சியாளரிடம் கூறுங்கள். அதற்கேற்பப் பயிற்சியை நாங்கள் அமைத்துக்கொள்வோம்.

உங்களுக்கும் ஒரு பொம்மை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை நடைக்கூடத்தில் நாள்கணக்கில் காத்திருக்கும் உங்கள் கைகளுக்கும் வேலை வேண்டும். நோயாளியும் நீங்களும் நோயைப் பற்றிப் பேசாமல் அருகருகே அமர்ந்திருக்க அது ஒரு வாய்ப்பு.

அந்த இளைஞர் ஊர் திரும்பியபோது பொம்மையை உடன் எடுத்துச் செல்லவில்லை. புதிதாக வருபவர்கள் பார்க்கட்டும் என்று சன்னல் ஓரத்திலேயே விட்டுச் சென்றார். மாதப் பரிசோதனைக்கு வரும்போது அவர் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவரைப் பார்க்கிறார். கடந்த முறை வந்தபோது, தூரிகையை இடக்கையில் பிடித்து, நிறம் உதிர்ந்திருந்த சட்டைக்காலரைச் சரிசெய்தார். அவருடைய பொம்மைக்கு அருகே இன்னும் சில வெள்ளைப் பொம்மைகள் நிற்கின்றன. வேண்டுவோர் பணியில் இருக்கும் செவிலியரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.